வாடகை வீடு மனத்துக்கு ஒட்டவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

குடிவந்து ஆறு மாதம் ஆகியும், வேலை முடிந்து வந்து கதவைத் திறக்கும்போது வேறு யாருடைய வீட்டுக்குள்ளோ நுழைவது போலவே இருக்கிறது என்று சொல்பவர்களை ராயபுரம், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர் என வட சென்னை முழுக்கப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படிச் சொன்னவன்தான். அந்தக் குறை தோன்றியதும் கடைக்குப் போய் எதையாவது வாங்கி வந்து மாட்டுவதுதான் எல்லோரும் செய்வது. நான்கு வாடகை வீடுகள் மாறிய பிறகு திரும்பிப் பார்த்தால், அப்படி வாங்கியவற்றில் பாதி இன்று பரணில் கிடக்கிறது. பிழை வெளிச்சத்தில் இருந்தபோது நான் சுவரை அலங்கரித்துக்கொண்டிருந்தேன், பிழை சுவருக்குள் இருந்தபோது அதன்மேல் படம் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஆகவே கீழே உள்ளவை பொருள்களின் வரிசையில் அல்லாமல் அறிகுறிகளின் வரிசையில் எழுதப்பட்டுள்ளன. உங்கள் வீட்டில் எது தெரிகிறதோ அதை மட்டும் படித்தால் போதும். ஆனால் முதல் பகுதியை எல்லோரும் படித்துவிட வேண்டும்.

எதையும் தொடும் முன்: ஒப்பந்தமும் ஈரத்துணியும்

2017இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கும் தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்தப் பழுது யார் பொறுப்பு என்று பிரித்துக் கூறுகிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பது, தேவைப்படும்போது தண்ணீர்க் குழாய்களை மாற்றுவது, மின்சார ஒயரிங் ஆகியவை வீட்டு உரிமையாளரின் பக்கத்திலும், குழாய் வாஷர், சுவிட்ச், ப்ளக் பாயின்ட், கதவின் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, கொசுவலை போன்றவை குடியிருப்பவரின் பக்கத்திலும் வருகின்றன. பலர் இதை அறியாமல், உரிமையாளர் செய்ய வேண்டிய சுவர் வேலையைத் தம் கைக்காசில் மறைத்துவிட்டு, தாம் மாற்ற வேண்டிய இருபது ரூபாய் வாஷருக்காக அவரிடம் சண்டை பிடிக்கிறார்கள். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா, ஆணி, பெயிண்ட், துளை பற்றி ஏதேனும் வரி இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். எழுத்தில் இல்லாவிட்டாலும் கேட்டுவிட்டுச் செய்வதே உத்தமம். என் இரண்டாவது வீட்டின் உரிமையாளரம்மா, "அடிக்கிறதா இருந்தா சொல்லிட்டு அடிப்பா, எந்த எடத்துல ஒயரு போவுதுன்னு எனக்குத்தான் தெரியும்" என்றார். அவர் சொன்னது மிரட்டல் அல்ல, தகவல்.

குடிவந்த அன்றே, சாமான் இறக்கும் முன்பு, ஒவ்வொரு சுவரையும் தரையையும் தேதியோடு படம் எடுத்து உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். இந்த ஊரில் முன்பணம் பல மாத வாடகை அளவுக்கு இருக்கிறது. காலி செய்யும்போது அதில் எவ்வளவு திரும்பி வரும் என்பதை இந்தப் படங்கள் பெரிதும் முடிவு செய்கின்றன.

பிறகு ஒரு கருப்புத் துணியை நனைத்துப் பிழிந்து, கண்ணில் படாத ஓரிடத்தில் சுவரை நன்றாகத் தேய்த்துப் பாருங்கள். துணியில் வெள்ளையாகத் தூள் ஒட்டினால் சுவரில் இருப்பது சுண்ணாம்போ டிஸ்டெம்பரோ; ஒன்றும் ஒட்டாவிட்டால் எமல்ஷன். இந்த விடை கொக்கி, ஆணி பற்றிய பகுதியில் தேவைப்படும்.

அறிகுறி: பகலில் சரியாக இருக்கிறது, விளக்குப் போட்டதும் ஆஸ்பத்திரி வராந்தா போல ஆகிவிடுகிறது

வாடகை வீடுகளில் மிக அதிகமாகக் காணப்படுவதும், மிகக் குறைந்த செலவில் தீர்வதும் இந்தப் பிழைதான். ஆயினும் கடைசியாகவே இதைக் கவனிக்கிறோம். ஹாலின் ஒரு சுவரில் உச்சியில் ஒரே ஒரு ட்யூப்லைட், படுக்கையறையில் இன்னொன்று, சமையலறையில் ஒரு பல்பு என்பதே நம் வீடுகளின் வழக்கமான அமைப்பு. அந்த ட்யூப்லைட் பெரும்பாலும் 6500 கெல்வின் நிறம் கொண்டது. அது நீலம் கலந்த வெள்ளை; எழுதவும் தைக்கவும் நல்லது, உட்கார்ந்து பேசுவதற்கு அல்ல. உயரத்தில் ஒரே புள்ளியிலிருந்து வரும் வெளிச்சத்தில் எல்லார் முகத்திலும் கண்ணுக்குக் கீழே நிழல் விழுகிறது, சுவரின் மேடு பள்ளம் முழுவதும் தெரிகிறது, எதிர் மூலை இருட்டாகவே இருக்கிறது.

சோதிப்பது எளிது. ஒரு மாலை ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு, டார்ச் லைட்டை ஒரு எவர்சில்வர் சொம்புக்குள் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து வைத்து மூலையில் தரையில் வையுங்கள். அறை அதே அறைதானா என்று சந்தேகம் வந்தால், உங்கள் வீட்டின் பிழை வெளிச்சத்தில்தான் இருக்கிறது.

திருத்தம் இதுதான். ட்யூப்லைட்டைக் கழற்ற வேண்டாம், அது படிப்புக்கும் துடைப்பத்துக்கும் இருக்கட்டும். அதோடு ஒரு அறைக்கு இரண்டு அல்லது மூன்று சிறிய விளக்குகளைச் சேருங்கள். பல்பு வாங்கும்போது அட்டையில் 2700 அல்லது 3000 கெல்வின் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். மஞ்சள் கலந்த வெள்ளை அது, கடையில் 'வாம் ஒயிட்' என்று கேட்டால் தருவார்கள். நம் ஊரில் பரவலாக உள்ள முள் ஹோல்டருக்கே கிடைக்கும் 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறக்குறைய 900 லூமன் வெளிச்சம் தரும். பத்துக்குப் பத்து அறையின் ஒரு மூலைக்கு அதில் பாதியே போதும், ஆகவே 5 வாட்டும் சரிதான். அதே அட்டையில் நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கான சி.ஆர்.ஐ. எண்ணும் இருக்கும், அது 80க்குக் குறைவான விளக்கின் கீழ் மீன் குழம்புகூடச் சாம்பல் பூத்தது போலத் தெரியும் என்பதால், சாப்பிடும் இடத்துக்காவது 90 உள்ளதைத் தேடலாம்.

உயரத்தில்தான் பலர் தவறுகிறார்கள். அலங்காரக் குறிப்புகள் பெரும்பாலும் சோஃபாவில் உட்காருபவரைக் கணக்கில் வைத்துச் சொல்லப்படுபவை. நாம் பாயில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், தரையில் சாய்ந்து தொலைக்காட்சி பார்க்கிறோம். தரையில் அமர்ந்தவரின் கண் ஏறக்குறைய இரண்டரை அடி உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் பல்பு நேராகக் கண்ணில் குத்தாதபடி, விளக்கை இன்னும் தாழ்த்தியோ, சுவரைப் பார்த்துத் திருப்பியோ வைக்க வேண்டும். என் வீட்டில் அது, பனை ஓலையில் முடைந்த ஒரு பழைய கூடையைக் கவிழ்த்து, அடியில் காற்றுப் போக இடைவெளி விட்டு, உள்ளே ஒயர் கட்டிய ஹோல்டரும் 5 வாட் எல்.இ.டி. பல்பும் வைத்ததாக இருக்கிறது. ஓலையின் கட்டங்கள் சுவரில் நிழலாக விழும். அந்தக் கூடைக்குள் சூடேறும் பழைய குண்டு பல்பை மட்டும் ஒருபோதும் போடக்கூடாது, ஓலை பற்றிக்கொள்ளும். ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் விளக்கையும் அயர்ன் பாக்ஸையும் சேர்த்து மாட்டுவதும் கூடாது.

அறிகுறி: ஒட்டிய கொக்கி விழுகிறது, ஆணி அடித்தால் சுவர் உதிர்கிறது

முதலில் ஈரத்துணியின் விடையை நினைவுகூருங்கள். தூள் ஒட்டும் சுவரில் எந்த ஒட்டுக் கொக்கியும் நிற்காது. கொக்கி பிடித்திருப்பது சுவரை அல்ல, மேலே கிடக்கும் தூளை. விலை கூடிய கொக்கி வாங்கினாலும் அதே கதைதான், விழும்போது கூடுதலாக ஒரு படலத்தையும் பெயர்த்துக்கொண்டு விழும். எமல்ஷன் சுவரில் நிற்கும். ஆனால் பெயிண்ட் அடித்து ஒரு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், ஒட்டும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிட வேண்டும், அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்தே எடையைத் தொங்கவிட வேண்டும். இந்த ஒரு மணி நேரப் பொறுமை இல்லாமல் உடைந்த போட்டோ சட்டங்கள் எண்ணிலடங்கா.

ஆணி அல்லது துளை என்று முடிவானால், சுவர் எதனால் ஆனது என்பதைத் துளையிலிருந்து வரும் தூளே சொல்லிவிடும். சிவப்புத் தூள் வந்தால் செங்கல். 6 மில்லிமீட்டர் துளையில் ராவல் பிளக் என்னும் பிளாஸ்டிக் உறையைச் செருகித் திருகாணி போட்டால் பல ஆண்டுகள் நிற்கும். நீலம் கலந்த சாம்பல் தூள் வந்தால் கான்கிரீட். ஏழடி உயரத்தில் கதவுக்கும் ஜன்னலுக்கும் மேலே ஓடும் லிண்டல் அது, சாதாரண ஆணி அங்கே வளைந்துதான் போகும். வெளிறிய மஞ்சளில் மாவு போல நிற்காமல் கொட்டினால் அது பழைய சுண்ணாம்புக் காரை, உடனே நிறுத்திவிடுங்கள். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் துளையிடக் கூடாது. ஒயர் செல்லும் குழாய் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் இறங்குகிறது.

ஜார்ஜ் டவுனிலும் ராயபுரத்திலும் பழைய வண்ணாரப்பேட்டையிலும் இன்னும் மிஞ்சியிருக்கும் மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் மாடிப்பகுதியை வாடகைக்கு எடுத்திருப்பவர்களுக்கு இந்தப் பிழை கட்டாயம் வரும். தேக்கு உத்திரங்களின் மேல் செங்கல்லைச் செங்குத்தாகவும் குறுக்குச் சாய்வாகவும் அடுக்கி, சுண்ணாம்புக் காரையால் கட்டிய கூரை அது. சுவர்களும் அதே காரைதான். அங்கே சுவரை விட்டுவிட்டு உத்திரத்தைப் பயன்படுத்துங்கள். உத்திரத்தைச் சுற்றிப் பருத்திக் கயிற்றைக் கட்டி இறக்கினால், துளையே இல்லாமல் விளக்கு, தொட்டி, துணி எதையும் தொங்கவிடலாம். உத்திரம் செல்லரிக்காமல் இருக்கிறதா என்று முதலில் தட்டிப் பார்த்துக்கொள்ள வேண்டும். சுவரிலேயே மாடம் இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். அதைப் பலகை வைத்து அடைத்து மேலே படம் மாட்டுபவர்களைக் காணும்போது எனக்குத் தாங்குவதில்லை.

துளை வேண்டவே வேண்டாம் என்பவர்களுக்கு இருக்கவே இருக்கிறது ஜன்னல் கம்பி, ஷெல்ஃபின் விளிம்பு, பீரோவின் தலை. பெரிய படத்தைச் சட்டத்தோடு ஒரு ஜாதிக்காய்ப் பலகை மேல் வைத்துச் சுவரில் சாய்த்துவிடலாம். தரையில் உட்காரும் வீட்டில் படம் தாழ்வாக இருப்பதே கண்ணுக்கு இதம். நின்று பார்ப்பவரின் உயரத்தில் மாட்டிய படம், அமர்ந்தவருக்கு எப்போதும் நிமிர்ந்து பார்க்கும் காலண்டராகவே இருந்துவிடும்.

அறிகுறி: சுவரின் அடிப்பகுதியில் வெள்ளை உப்பு பூக்கிறது, பெயிண்ட் கொப்புளித்து உதிர்கிறது

இதை மறைக்காதீர்கள். இந்த ஒரு அறிகுறிக்கு அலங்காரம் தீர்வே அல்ல. ஆனால் அலங்காரத்தால் இது மோசமாவதுண்டு. என் சொந்த அனுபவம் அப்படித்தான். தண்டையார்பேட்டையில் ஒரு தரைத்தளத்து வீட்டில், ஹாலின் கீழ்ச்சுவர் பொரிந்து கிடப்பதைப் பார்க்கச் சகிக்காமல், செங்கல் வடிவம் அச்சிட்ட பிளாஸ்டிக் வால்பேப்பர் சுருள் வாங்கி வந்து மூன்றரை அடி உயரத்துக்கு ஒட்டினேன். ஆவணியிலும் புரட்டாசியிலும் வந்தவர்களெல்லாம் மெச்சினார்கள். ஐப்பசி மழை பிடித்து இரண்டாவது வாரத்தில் ஒரு புளித்த வாடை வரத் தொடங்கியது. எலி செத்திருக்கும் என்று பீரோவை நகர்த்தித் தேடினோம். கார்த்திகையில் ஓர் ஓரம் தானாகப் பெயர்ந்து வந்தபோதுதான் பின்னால் கரும்பச்சையில் பூஞ்சை படர்ந்திருப்பது தெரிந்தது. பிடித்து இழுத்ததும் சுருளோடு சேர்ந்து பூச்சும் ஈரமான வெல்லம் போலக் கையோடு வந்தது. காலி செய்யும்போது அந்தச் சுவருக்காக முன்பணத்தில் ஒரு மாத வாடகை பிடித்துக்கொள்ளப்பட்டது. நான் எதிர்த்துப் பேசவில்லை, பேச முகமும் இல்லை.

நடந்தது என்னவென்றால், அடித்தளத்தில் ஓதத்தைத் தடுக்கும் படலம் இல்லாத, அல்லது இருந்து கெட்டுப்போன சுவர், நிலத்தடி ஈரத்தை விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல மேலே இழுக்கிறது. ஈரம் சுவரின் முகத்துக்கு வந்து காற்றில் காய்ந்துவிடுகிறது, அதில் கரைந்திருந்த உப்பு தங்கிவிடுகிறது. உப்பு படிகமாகும்போது பருத்துப் பெயிண்டைத் தள்ளுகிறது, கொப்புளம் உண்டாகிறது. கடலோரத்தில் நிலத்தடி நீரே உப்பாக இருக்கும் ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கத்தில் இது கூடுதலாகத் தெரிவதில் வியப்பில்லை. அந்த ஈரத்துக்குக் காற்றுப் போகும் வழியை நான் பிளாஸ்டிக்கால் அடைத்துவிட்டேன். அது பூஞ்சையை வளர்த்தது.

ஓதம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டுபிடிக்க, சமையலறை அலுமினியத் தாளில் ஓர் அடிக்கு ஓர் அடி வெட்டி, நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி டேப்பால் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். பிரித்துப் பார்க்கும்போது தாளின் சுவர்ப் பக்கம் நனைந்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறைப் பக்கம் நனைந்திருந்தால் அது அறையின் நீராவி: சமையலும், வீட்டுக்குள் காயப்போடும் துணியும், திறக்காத ஜன்னலும். கறை தரையிலிருந்து ஏறக்குறைய மூன்று அடிக்குள் நின்றுவிட்டால் தரை ஓதம். அதற்கு மேலே திட்டாக இருந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறையோ குழாயோ வெளிச்சுவர் விரிசலோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே மட்டத்தில் அறை முழுக்கக் கோடு போட்டது போலக் கறை ஓடினால், அது வெள்ளம் நின்ற அடையாளமாக இருக்கக்கூடும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வட சென்னையின் பல தெருக்களில் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது என்பதால், புதிதாகப் பெயிண்ட் அடித்த தரைத்தளத்துக்கு வாடகை பேசும்போது பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது.

சுவருக்குள்ளிருந்து வரும் ஈரம் என்றால் உரிமையாளரிடம் சொல்லுங்கள். குழாய்க் கசிவும் சுவரின் கட்டமைப்புப் பழுதும் அவருடைய பொறுப்பு. அவர் கொத்தனாரைக் கூட்டி வரும்வரை நீங்கள் செய்யக்கூடியவை இவைதாம்: உப்பைக் காய்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் வாரி வெளியே கொட்டுங்கள், தண்ணீர் விட்டுத் துடைத்தால் உப்பு கரைந்து மீண்டும் சுவருக்குள்ளேயே போகும். பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து மூன்று விரற்கடையாவது தள்ளிப் போடுங்கள். கண்ணுக்கு உறுத்தினால், சுவரைத் தொடாமல் கால் ஊன்றி நிற்கும் மூங்கில் தட்டியை அரை அடி முன்னே நிறுத்துங்கள். காற்றுப் போகும், பார்வைக்கும் மறையும். எண்ணெய்ப் பெயிண்ட், பிளாஸ்டிக் ஸ்டிக்கர், மெத்தென்ற ஃபோம் டைல் மூன்றும் அந்தச் சுவரின் பக்கமே போகக் கூடாது.

அறிகுறி: பேசினால் கூடம் எதிரொலிக்கிறது

அறையின் நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். தட்டு முடிந்த பிறகும் 'ங்' என்று ஓர் ஓசை நீண்டால், தரை டைல்ஸ், சுவர், கண்ணாடி என எல்லாம் கடினமாக இருக்கிறது என்று பொருள். ஒரு பவானி ஜமுக்காளம் விரித்து, ஜன்னலுக்குத் தடித்த பருத்தித் திரை போட்டு, மூலையில் இரண்டு தலையணை வைத்தால் தீர்ந்தது. மலிவான வழுக்கும் கம்பளத்தைவிட ஜமுக்காளம் மேல் என்று நான் சொல்வதற்குக் காரணம், அதை உதறலாம், மொட்டைமாடியில் துவைத்துக் காயப்போடலாம், விருந்தினர் வந்தால் படுக்கவும் கொடுக்கலாம்.

அறிகுறி: காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பில் மாலைக்குள் கருந்தூள்

துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலைகளின் அருகிலும், மணலி, எண்ணூர்ப் பக்கமும் குடியிருப்பவர்களுக்கு இது புதிதல்ல. வெள்ளைத் துணியால் துடைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள். பிசுபிசுப்பாகக் கருப்பு ஒட்டினால் பெரும்பாலும் வாகனப் புகை. வறண்டு சாம்பலாக இருந்தால் சாம்பலோ சிமென்ட்டோ கலந்த தூசி. இரண்டையும் நீங்கள் நிறுத்த முடியாது. ஆகவே இங்கே அலங்காரத்தின் முதல் விதி, துடைக்க முடியாததை வாங்காதிருப்பது. வெல்வெட் திரை, குஞ்சம் வைத்த தொங்கல், காகிதப் பூ, திறந்த ஷெல்ஃபில் ஐம்பது சிறு பொம்மை ஆகியவை ஒரு மாதத்தில் வீட்டையே அழுக்காகக் காட்டும். அதே ஐம்பது பொம்மைகளைக் கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலமாரியில் வைத்தால் அழகு.

திரைக்குத் துணி எடுக்க ஆயத்த கடையைவிட ஜார்ஜ் டவுன் கொடவுன் தெருவையே நான் சொல்வேன், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டிலும் கிடைக்கும். மெஷினில் போடக்கூடிய பருத்தியாக, இரண்டு செட் எடுங்கள். ஒன்று தொங்கும்போது மற்றொன்று துவைத்துக் காயும். ஜன்னலின் அகலத்தைப்போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மடிப்பு விழும், இல்லையேல் போர்வை மாட்டியது போல இருக்கும். ஆயத்தத் திரைகள் பொதுவாக 5, 7, 9 அடி நீளத்தில் வருகின்றன. நாலடி ஜன்னலுக்கு 5 அடித் திரையே வழக்கம் என்றாலும், ராடை அரை அடி மேலே ஏற்றி 7 அடித் திரையை ஏறக்குறையத் தரைவரை இறக்கினால் தாழ்ந்த கூரையும் உயர்ந்து தெரியும்.

கடற்காற்று இருக்கும் தெருவில் ராடு எதனால் ஆனது என்பதையும் பார்க்க வேண்டும். கடைக்குப் போகும்போது ஒரு காந்தத் துண்டை எடுத்துச் செல்லுங்கள். ராடில் சிக்கென்று ஒட்டினால் அது மேலே பூச்சுப் போட்ட இரும்பு. காசிமேட்டுக் காற்றில் அது துருப்பிடித்து, திரையின் வளையங்களைச் சுற்றிப் பழுப்பு வட்டம் போட அதிக நாள் ஆகாது. அலுமினியமோ மரமோ எடுத்தால் அந்தக் கவலை இல்லை. துளை போட அனுமதி இல்லாதவர்கள் இரண்டு பக்கச் சுவர்களுக்கு நடுவே முட்டி நிற்கும் ஸ்பிரிங் ராடு வாங்கலாம், ஆனால் அது மெல்லிய திரையைத்தான் தாங்கும்.

அறிகுறி: செடி வைத்தால் இலை நுனி கருகுகிறது

வெயில், உரம், பூச்சி என்று தேடும் முன்பு தொட்டியின் விளிம்பைப் பாருங்கள். வெள்ளைப் பொருக்கு படிந்திருந்தால் பிழை தண்ணீரில். அடிபம்பிலோ போரிலோ வரும் உப்புத் தண்ணீரைத் தினமும் ஊற்றும்போது நீர் ஆவியாகி உப்பு மண்ணில் சேர்கிறது, வேர் நீர் உறிஞ்சத் திணறுகிறது, வேருக்குத் தொலைவில் உள்ள இலை நுனி முதலில் காய்கிறது. ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் கழிவுநீரைச் செடிக்கு ஊற்றுவது சிக்கனமாகத் தோன்றினாலும், அதில் உப்பு இன்னும் கூடுதல் என்பதால் அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள். மெட்ரோ தண்ணீரில் அரிசி களைந்த நீர் போதும். மழை பெய்யும் நாளில் தொட்டிகளை நனைய விட்டு, அடித்துளை வழியாக நீர் நன்றாக ஓடும்வரை வைத்தால் சேர்ந்த உப்பு கழுவிப் போய்விடும்.

கடலைப் பார்த்த பால்கனியில் காகிதப்பூச் செடி (போகன்வில்லா), அரளி, நித்தியகல்யாணி, கற்றாழை ஆகியவை உப்புக்காற்றைப் பொறுத்துக்கொள்கின்றன. அரளி நஞ்சு என்பதால் குழந்தைகளும் பூனையும் உள்ள வீட்டில் வேண்டாம். வீட்டுக்குள்ளே மணி பிளான்ட் ஒரு பாட்டில் தண்ணீரிலேயே இருக்கும். எந்தத் தட்டிலும் நீரைத் தேங்க விடாமல் வாரம் ஒருமுறையாவது கொட்டிக் கழுவுங்கள், டெங்கு கொசு அதில்தான் முட்டையிடும். கீழ்வீட்டாரின் காயும் துணியில் சேற்றுநீர் சொட்டாதபடி பார்த்துக்கொள்வது செடி வளர்ப்பின் பாதி.

அறிகுறி: என்ன செய்தாலும் அறை நெரிசலாகவே தெரிகிறது

தரையில் கிடப்பவற்றை எண்ணுங்கள். வட சென்னை வீடுகளில் பெரும்பாலும் அது குடங்களின் கணக்காகத்தான் இருக்கும்: தண்ணீர் வரும் நேரத்துக்குப் பிடித்து வைத்த ஏழெட்டு பிளாஸ்டிக் குடம், ஒரு டிரம், ஒரு அண்டா. அவற்றை ஒழிக்க முடியாது, ஒளிக்கவும் நான் சொல்ல மாட்டேன், அவசரத்துக்கு எடுக்க வேண்டியவை. சிவப்பு, பச்சை, ஊதா, மஞ்சள் என்று கலந்து கிடப்பதை, பழையவை கீற ஆரம்பிக்கும்போது ஒவ்வொன்றாக ஒரே நிறத்துக்கு மாற்றிக்கொண்டு வாருங்கள். ஓரடி உயரத்தில் ஒரு நீளமான மணை அடித்து அதன்மேல் வரிசையாக ஏற்றுங்கள். தரை வெளியே தெரிந்தாலே அறை அகலும். எங்கள் வீட்டில் எட்டும் நீலம். வருபவர்கள் அதை வேண்டுமென்றே வைத்த அலங்காரம் என்று நினைக்கிறார்கள்.

அறிகுறி: எல்லாம் சரி, இருந்தும் உள்ளே நுழையும்போது அந்நியமாகவே இருக்கிறது

வாசலில் பாருங்கள். அடுக்குமாடியில் நம் கதவும் பக்கத்து மூன்று கதவுகளும் ஒரே பழுப்பு நிறம், ஒரே தாழ்ப்பாள். உள்ளே எவ்வளவு செய்திருந்தாலும், திரும்பி வரும் கண் முதலில் பார்ப்பது அந்தப் பழுப்பைத்தான். செருப்புகள் கலைந்து கிடப்பதற்கு ஒரு சிறு ஸ்டாண்டு, கதவைத் திறந்ததும் கை போகும் உயரத்தில் சாவிக்கு ஒரு கொக்கி, நேர் எதிரே தெரியும் சுவரில் வீட்டார் சேர்ந்து எடுத்த ஒரு படம், அதன்மேல் விழும்படி மஞ்சள் கலந்த 3000 கெல்வின் 'வாம் ஒயிட்' விளக்கு ஆகியவை போதும். நடைவழியில் கோலம் போட இடம் இல்லையென்றால், நிலைப்படிக்கு வெளியே ஓரடி அகலத்தில் படிக்கோலம் போடலாம். ஸ்டிக்கர் கோலத்தின் பசையை மொசைக் தரையிலிருந்து எடுப்பது பெரும்பாடு என்பதால் மாவே மேல்.

அறிகுறி: காலி செய்யப் போகிறோம், ஒட்டியது வர மறுக்கிறது

ஒட்டுக் கொக்கியின் நாடாவைச் சுவரோடு ஒட்டியபடியே கீழ்நோக்கி மெதுவாக இழுங்கள். நம் பக்கமாக இழுத்தால் பெயிண்டும் வரும். ஸ்டிக்கரை ஹேர் டிரையரால் சூடாக்கி ஓரத்திலிருந்து உரிக்கலாம். டைல்ஸில் தங்கிய பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டுத் துடையுங்கள், ஆனால் பெயிண்ட் அடித்த சுவரில் எண்ணெயைத் தொடாதீர்கள், கறை நிற்கும். ஆணித் துளைகளைப் பட்டியால் அடைத்து, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து, அதே நிறத்தைத் தொட்டு வையுங்கள். அதற்காகத்தான் குடிவரும்போதே உரிமையாளரிடம் மிச்சமிருக்கும் பெயிண்ட் டப்பாவையோ, டப்பாவின் மேல் உள்ள நிற எண்ணையோ கேட்டு வாங்கிப் பரணில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு, வந்த அன்று எடுத்த அதே கோணங்களில் மறுபடியும் படம் எடுத்து, சாவியைக் கொடுக்கும் முன் அவருக்கு அனுப்பிவிடுங்கள்.